வாசிக்காமல் வைத்த கையெழுத்து

1

சென்ற கிழமை என் மனைவியின் தமையனிடமிருந்து கடிதம் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்துசேர இரண்டரை மாதம் எடுத்திருக்கிறது. பிள்ளைகளின் படிப்பு, கிணறு இறைத்தது, ஹெலியில் வந்து சுட்டது எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசியில் இப்படி முடித்திருந்தார்: "நீங்கள் அங்கே காப்பிலிகளுக்கு நடுவில் இருப்பதாகக் கேள்வி. பெண்பிள்ளை வளருகிறாள். வெள்ளைக்காரர் இருக்கிற நல்ல இடமாகப் பார்த்து மாறவும்."

தலைக்கு மேல் ஹெலி சுற்றுகிற ஊரில் இருந்துகொண்டு ஒரு மனிதர் எங்கள் அயலைப் பற்றிக் கவலைப்படுகிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு வருடத்துக்கு முன் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது நானும் ஆப்பிரிக்கர்களை இழிவாகச் சொல்லும் அதே சொல்லைத்தான் சொன்னேன், அதே கவலைதான் பட்டேன். பதில் எழுத இரண்டு தரம் குந்தினேன். விமானத் தபால் தாள் ஒன்றுக்குள் அடங்கவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். அவரைப் போல யோசிக்கிறவர்கள் ஊரில் வேறும் இருப்பார்கள்.

படங்களில் நீங்கள் காணும் பாரிஸ் வேறு. நாங்கள் இருப்பது லாச்சப்பல். மெத்ரோ நிலத்துக்குக் கீழே ஓடாமல் இரும்புத் தூண்களுக்கு மேலே ஓடுகிற இடம். ரயில் போகும்போது எங்கள் யன்னல் கண்ணாடி நடுங்கும். ஐந்து மாடி, லிஃப்ட் கிடையாது. நாலாம் மாடியில் இரண்டு குடும்பம். ஒரு கதவில் நாங்கள் மூன்று பேர். எதிர்க்கதவில் மாலி நாட்டுக்காரர் மமது, அவருடைய மனைவி அமினாத்தா, ஐந்து பிள்ளைகள். இரண்டு வீட்டுக்கும் கக்கூஸ் ஒன்று. அதன் பூட்டுத் திறப்பு நடுச்சுவரில் ஆணியில் தொங்கும்.

மமது தெருக் கூட்டும் நகரசபைத் தொழிலாளி. விடியவே பச்சை உடுப்போடு இறங்கிவிடுவார். தெரு ஓரத்து வாய்க்காலில் தண்ணீரைத் திறந்துவிட்டு, சுருட்டிக் கட்டிய பழைய கம்பளத் துண்டை வைத்து அதைத் திசைதிருப்பி, நீண்ட தும்புத்தடியால் குப்பையைத் தள்ளிக்கொண்டு போவார். நானோ ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன். முதல் வருடம் முழுக்க எங்கள் இருவருக்குமிடையில் "பொன்ஜூர்" தவிர வேறு பேச்சு இல்லை.

ஒரு ஞாயிறு அமினாத்தா தன் மூத்த மகள் கும்பாவைப் படியில் இருத்தித் தலைபின்னிக்கொண்டிருந்தார். எங்கள் ஜெசிந்தாவும் போய் இருந்திருக்கிறாள். அவளுக்கு அப்போது எட்டு வயது. தலை முழுக்கச் சின்னச் சின்னப் பின்னலோடு ஓடிவந்து, "அம்மா, வடிவா?" என்று கேட்டாள். என் மனைவி திரேஸ் அவளை மடியில் இழுத்து வைத்து, அவள் அழ அழ ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். கதவு திறந்திருந்தது. அமினாத்தா சீப்பைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். நானும்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

2

ஒரு பின்னேரம் வேலை முடிந்து வரும் வழியில் ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்தில் இறங்கினேன். நடைபாதை வளைவில் பொலிஸ். வெள்ளைக்காரர்கள் விலகி விலகிப் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் நிறத்து ஆட்களை மட்டும் சுவரோடு வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். எனக்கு முன்னால் மமது நின்றார்.

அவரிடம் பத்து வருட விசா அட்டை இருந்தது. என்னிடம் இருந்தது றெசிப்பிசே. அகதி விண்ணப்பம் போட்டவனுக்குத் தருகிற தற்காலிகக் கடுதாசி, மூன்று மாதத்துக்கு ஒருக்கால் புதுப்பிக்க வேண்டும். அந்த இளம் பொலிஸ்காரன் அவருடைய பத்து வருடத்தையும் என்னுடைய மூன்று மாதத்தையும் ஒரே மாதிரித்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிரெஞ்சிலும் எங்களைப் போல நீ, நீங்கள் உண்டு. தகப்பன் வயதுள்ள மனிதரிடம் அவன் "நீ எங்கே வேலை செய்கிறாய்?" என்று கேட்டான். அவர் போட்டிருந்த பச்சை உடுப்பில் நகரசபையின் பெயர் எழுதியிருந்தது.

வெளியே வந்ததும் மமது சொன்னார்: "இந்தக் கிழமை இது மூன்றாம் தரம்."

"எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள்?"

"பதினாறு."

எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "அப்படியென்றால் பழகியிருக்கும்," என்றேன், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

அவர் நின்று என்னைப் பார்த்தார். "பழகக் கூடாது, முசியே அந்துவான்," என்றார்.

என் பெயர் அந்தோனிப்பிள்ளை. இங்கே அது அந்துவான் ஆகிவிட்டது.

3

திரேஸ் மாதத்தில் ஒரு சனிக்கிழமை தூள் வறுப்பாள். செத்தல் மிளகாயும் மல்லியும் சீரகமும் அடுப்பில் ஏறினால் நாலாம் மாடி கமறும். ஊரில் கொல்லைப்புறத்தில் வறுக்கிறதை இங்கே ஒற்றை யன்னல் உள்ள குசினியில் வறுத்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தச் சனிக்கிழமை மிளகாய் கொஞ்சம் கருகியும் போனது. படிக்கட்டு முழுக்கப் புகை. கீழே ஆட்கள் இருமுகிற சத்தம் கேட்டது. யாரோ தீயணைப்புப் படைக்குத் தொலைபேசி அடித்துவிட்டார்கள்.

தடதடவென்று சப்பாத்துச் சத்தம் மேலே ஏறியது. "எந்த வீடு?" என்று ஒருவன் கேட்க, கீழிருந்து ஒரு பெண் குரல், "நாலாம் மாடி, ஆப்பிரிக்கர்கள்!" என்றது. அமினாத்தாவின் கதவை இடித்தார்கள். திரேஸ் அடுப்பை நூர்த்து, சட்டியை மூடி, யன்னலை அகலத் திறந்தாள். நான் எங்கள் கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். "நான் இல்லை, நான் இல்லை," என்று அமினாத்தா சொல்வது தெளிவாகக் கேட்டது. உள்ளே போய் அவருடைய குசினியைக் கிளறிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்கள். எங்கள் கதவை யாரும் தட்டவில்லை.

"போய்ச் சொல்லுவமே?" என்று திரேஸ் மெல்லக் கேட்டாள்.

"பேசாமல் இரு," என்றேன்.

அடுத்த கிழமை வீட்டுச் சொந்தக்காரரின் முகவர் வந்தார். பெயர் எங்களுக்குத் தெரியாது, முசியே ழெரான், அதாவது முகவர் ஐயா, என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். கையில் தட்டச்சு அடித்த ஒரு தாள், கீழே ஐந்து கையெழுத்து. "நீங்கள் இந்தியர்கள் அமைதியான சனம்," என்று தொடங்கினார். நான் இந்தியன் இல்லை என்று திருத்தவில்லை. சொல்லப்போனால் அந்தச் சொல் எனக்கு இனித்தது. பிறகு வேகமாகப் பேசினார். அதில் எனக்கு மூன்று சொல் பிடிபட்டது: படிக்கட்டு, சுகாதாரம், ஒர்துர். ஒர்துர் என்றால் குப்பை. முற்றத்தில் குப்பைத்தொட்டி இரண்டும் மூடி உடைந்து மாதக்கணக்காக நாறிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு நல்ல காரியம் செய்கிறார்கள் என்று எண்ணி ஆறாவது ஆளாகக் கையெழுத்து வைத்தேன்.

நான் ஊரில் யார் என்று இங்கே சொல்ல வேண்டும். பதினொரு வருடம் யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசு கந்தோரில் கிளாக்கராக இருந்தவன். காணி உறுதிகளை ஆட்களுக்கு உரத்து வாசித்துக் காட்டி, விளங்கினதா என்று கேட்டு, அதன்பிறகே கையெழுத்து வாங்குவது என் வேலை. "வாசிக்காமல் வைக்கிற கையெழுத்து தன்ரை கழுத்திலை வைக்கிற கத்தி" என்று எத்தனை பேருக்குப் புத்தி சொல்லியிருப்பேன்.

அந்தக் கந்தோரைப் பற்றி இன்னொன்று. உள்ளே உட்கார ஒரு நீள வாங்கு இருந்தது. சில சாதி ஆட்கள் அதில் இருப்பதில்லை, உள்ளே வருவதுமில்லை. அவர்களும் காணி வாங்கினார்கள், விற்றார்கள். ஆனால் முற்றத்தில் வெயிலில் நிற்பார்கள். நான் உறுதியை வெளியே கொண்டுபோய், அங்கேயே வாசித்து, அங்கேயே விரலடையாளம் எடுப்பேன். உள்ளே வாருங்கள் என்று ஒரு நாளும் நான் சொன்னதில்லை. அதை ஒரு குறையாக அப்போது நினைத்ததும் இல்லை.

4

ஆறு கிழமை கழித்து, வேலை முடிந்து படியேறிக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாடிக்கு வரும்போது மேலே ஜெசிந்தாவின் குரல் கேட்டது. பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசித்துக்கொண்டிருந்தாள்.

மமதுவுக்கும் அமினாத்தாவுக்கும் எழுத்து வாசிக்கத் தெரியாது. நீதிமன்ற அலுவலர் ஒருவர் அன்று ஒரு கட்டுக் கடுதாசியைக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அமினாத்தா பிள்ளைகளைப் படியில் இருத்தி வாசிக்கச் சொல்லியிருக்கிறார். ஒரு தாளைக் கும்பா வாசிக்க, அடுத்த தாளை என் மகள் வாசித்தாள்.

அந்தக் குடும்பத்தை வீட்டிலிருந்து எழுப்ப வழக்கு. காரணம் ஆட்கள் கூட, சத்தம் கூட, தாங்க முடியாத மணம். ஒரு சனிக்கிழமை தீயணைப்புப் படையே வரவேண்டியிருந்தது. ஒரே கட்டடத்தில் குடியிருப்பவர்களின் முறைப்பாடு இணைக்கப்பட்டுள்ளது. அதன்கீழே பெயர்கள். ஜெசிந்தா ஒவ்வொன்றாக வாசித்து வந்தவள் ஆறாவதில் நின்றுவிட்டாள்.

நான் அவர்களுக்கு முன்னால் வந்துவிட்டேன். அமினாத்தா என்னைப் பார்த்தார். பிள்ளை வாசிக்காமலே அவருக்கு விளங்கிவிட்டது. கடுதாசிகளை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கி, தன் பிள்ளைகளை உள்ளே அனுப்பி, கதவைச் சாத்தினார். அடித்துச் சாத்தவில்லை. அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

வீட்டுக்குள் ஜெசிந்தா பிரெஞ்சில் கேட்டாள்: "ஏன் கையெழுத்து வைத்தாய்?"

"குப்பைத்தொட்டிக்கு எண்டு நினைச்சனம்மா. ஒர்துர் எண்டுதானே சொன்னவர்."

"ஒர்துர் இல்லை, பப்பா. ஒதர். மணம்." அதையும் பிரெஞ்சில்தான் சொன்னாள்.

அன்று முதல் பல நாள் அவள் என்னோடு தமிழில் பேசவில்லை. நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். அதற்கு முன்னும் கொஞ்சம் கொஞ்சமாக அப்படித்தான் ஆகிக்கொண்டிருந்தது. ஆனால் அந்தக் கிழமை அது கோபத்தின் மொழியாகிவிட்டது. மொழி போகிறதே என்று எங்கள் ஆட்கள் எல்லாரும் கவலைப்படுகிறோம். என் பிள்ளை தமிழை விட்டு விலகினதில் ஒரு அடி என் கையெழுத்தால் விலகினாள் என்பது எனக்குத் தெரியும்.

5

மறுநாள் எதிர்க்கதவைத் தட்டினேன். மமது வேலை உடுப்பு மாற்றாமல் கதிரையில் இருந்தார். குப்பைக்கு என்று நினைத்து வைத்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தீயணைப்புக்காரர் வந்த அன்று நீ வீட்டில் இருந்தாயா?"

"இருந்தேன்."

"அந்தப் புகை?"

"எங்களுடையது."

குசினி வாசலில் நின்ற அமினாத்தா தங்கள் மொழியில் ஏதோ சொன்னார். மமது அதை மொழிபெயர்க்கவில்லை. "இதை ஏன் எனக்குச் சொல்கிறாய்? எனக்கு இது முதலே தெரியும். தெரியாத இடத்தில் போய்ச் சொல்," என்றார்.

வீட்டில் சண்டை. "எங்கடை அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை," என்றாள் திரேஸ். "கோட்டிலை போய் நாங்கள் பொய்க் கையெழுத்து வைச்சனாங்கள் எண்டு சொன்னால், நாளைக்கு எங்களைத் திருப்பி அனுப்பினால்? பிள்ளையையும் கொண்டு எங்கை போறது?"

அவள் சொன்னது பயம் மட்டுமில்லை, நியாயமும்தான். நானும் இரண்டு நாள் யோசித்தேன். கோப்பை கழுவும்போது யோசித்தேன், மெத்ரோவில் யோசித்தேன். கடைசியில் ஞாயிறு பூசை முடிந்ததும் முசியே லூர்துசாமியிடம் போனேன். அவர் புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர், தபால் இலாகாவில் வேலைபார்த்து இளைப்பாறியவர். எங்கள் ஆட்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார்.

"உனக்கு எதுக்குய்யா இந்த வம்பு?" என்றார். "அவன் ஆப்பிரிக்கன், நீ ரெஃபூஜியே. உன் வேலைய நீ பாரு. நாம வேற, அவங்க வேற."

"மெத்ரோவிலை மறிக்கேக்கை எங்களை வேறை வேறை சுவரிலை விடுறாங்கள் இல்லை ஐயா."

அவர் சட்டைப் பையிலிருந்து தன் பிரெஞ்சு அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். "நாப்பது வருஷமா பிரான்சே நான். போன மாசம் கார் து நோர் ஸ்டேஷன்ல ஒருத்தன் இத வாங்கிப் பாத்துட்டு, 'நிசமானதா?'ன்னு கேட்டான்," என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை எடுத்தார்.

கடிதத்தை எழுதிவிட்டு என்னிடம் நீட்டினார். "இத மமதுவோட வக்கீல் கிட்ட குடு. ஆனா காகிதம் போதாது. எவன் எழுதிக் குடுத்தான்னு கேப்பாங்க. உன் வாயால சொல்லணும்." ஒரு வரியைப் பத்துத் தரம் சொல்ல வைத்தார்: ழே சின்யே சான் கொம்ப்ராந்த்ர். விளங்காமல் கையெழுத்து வைத்தேன். அந்த ஒரு வசனத்தைச் சொல்லிச் சொல்லியே இரண்டு கிழமை நான் பீங்கான் கழுவினேன். சமையற்காரர் எனக்குப் பைத்தியம் என்று நினைத்தார்.

வழக்குக்குப் போகிற காலை சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றேன். திரேஸ் கோயிலுக்குக் கட்டுகிற சேலையோடு அறையிலிருந்து வந்தாள்.

"நீர் எங்கை?"

"மிளகாய் வறுத்தது நான். உங்களுக்கென்ன தெரியும் அதைப் பற்றி?" என்றாள். கையில் தூள் போத்தல் இருந்தது.

6

நீதிமன்றம் நகரசபைக் கட்டடத்திலேயே ஒரு அறை. நீதிபதி ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும். மமது கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். அமினாத்தா நீலப் பூப்போட்ட நீள அங்கியும் தலைத்துணியுமாக நிமிர்ந்து நின்றார். எங்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். இலவசச் சட்ட உதவியில் கிடைத்த இளம் வழக்கறிஞர் என் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, ஆள் வந்திருக்கிறார் என்று என்னைக் காட்டினார்.

முகவர் திரும்பிப் பார்த்தார். அமைதியான சனத்தில் ஒருவன் அங்கே நிற்பதை அவர் எதிர்பார்க்கவில்லை.

வசனம் வந்தது. இரண்டு தரம் சொன்னேன். நீதிபதி, "எதற்கான தாள் என்று நினைத்தீர்கள்?" என்று கேட்டார். ஒர்துர், ஒதர் என்று நான் விளக்க, பின்வரிசை வாங்கில் சிலர் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை.

"அப்படியானால் மணம் என்ற முறைப்பாடு பொய்யா?"

இதற்கு லூர்துசாமி எனக்கு வசனம் சொல்லித் தரவில்லை. எனக்கு வந்த பிரெஞ்சில் சொன்னேன்: "பொய் இல்லை, மதாம். மணம் உண்மை. அந்தச் சனிக்கிழமை மணம் நாங்கள். இவர்கள் இல்லை. தீயணைப்பு வந்தது. நான் கதவுக்குப் பின்னால். பேசவில்லை."

முகவரின் வழக்கறிஞர் எழுந்து, இது சிநேகிதத்துக்காகச் சொல்லும் பொய் என்றார். அப்போது திரேஸ் முன்னால் போய்ப் போத்தலை மேசையில் வைத்தாள். அவளுக்குப் பிரெஞ்சில் அப்போது இருபது சொல் தெரிந்திருக்கும். "நான். குசினி. இது," என்றாள். எழுதுவினைஞர் மூடியைத் திறந்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், தும்மி, தலையைத் திருப்பிக்கொண்டார். நீதிபதியும் வாங்கி மணந்து பார்த்தார். மூடியைக் கவனமாக இறுக்கித் திருப்பிக் கொடுத்தார். பிறகு எதையோ நீள எழுதினார்.

மூன்று கிழமையில் தீர்ப்பு வந்தது. வீட்டுக்காரரின் கோரிக்கை தள்ளுபடி. சத்தம் நிரூபிக்கப்படவில்லை, மணத்தை ஒரு குடும்பத்தின் மேல் மட்டும் சுமத்த முடியாது என்று எழுதியிருந்ததாம். அதைப் படியில் வைத்து வாசித்தவள் கும்பா. அருகில் ஜெசிந்தா இருந்தாள்.

7

இதன்பிறகு இரண்டு குடும்பமும் ஒன்றுக்குள் ஒன்றாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். அமினாத்தா என்னோடு முகம் கொடுத்துப் பேச அரை வருடம் எடுத்தது. இப்போதும் திரேசோடு சிரிப்பார், என்னோடு அளவோடுதான். அது அவருடைய உரிமை. ஜெசிந்தாவுக்குப் பத்து வயதாகிறது. தமிழில் கேட்டால் பாதி தமிழில் பதில் வருகிறது. காப்பிலி என்ற சொல்லை எங்கள் வீட்டுக்குள் யாரும் சொல்வதில்லை. வருகிறவர்கள் சொன்னால் திரேஸ் தேத்தண்ணியை வைத்துவிட்டு, "அவைக்குப் பேர் இருக்கு," என்பாள். அதற்காக வருவதை நிறுத்தியவர்களும் உண்டு. நிற்கட்டும்.

முகவர் தன் பங்கைச் செய்தார். றெசிப்பிசே புதுப்பிக்க வதிவிடச் சான்று வேண்டும். அவர் தரமாட்டேன் என்றுவிட்டார். விலாசம் இல்லாதவனுக்குக் கடுதாசி இல்லை, கடுதாசி இல்லாதவனுக்கு வேலை இல்லை. திரேஸ் பயந்தது இதைத்தான். ஆனால் அவள் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. பாரிஸ் புறநகரான கார்ஜ் லே கொனெசில் இருக்கும் எங்கள் ஆட்கள், "இஞ்சை வந்து பதியுங்கோ, அங்கை இனி இருக்கேலாது," என்றார்கள். நான் மாறுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். மச்சானுக்கும் இதுதான் பதில்.

இரண்டு சாட்சிகளோடு போனால் நகரசபையில் சான்று எடுக்கலாம் என்று லூர்துசாமி விசாரித்துச் சொன்னார். ஒரு சாட்சி அவர். இரண்டாவதுக்கு யாரைக் கேட்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, நகரசபைக்குப் போகிற நாள் காலை மமது வேலைக்குப் போகாமல், அதே கழுத்துப்பட்டியோடு படியில் நின்றார். திரேஸ் அமினாத்தாவிடம் சொல்லியிருக்கிறாள்.

மூவரும் ஒன்றரை மணித்தியாலம் வரிசையில் நின்றோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் லூர்துசாமியின் அட்டையைப் பதிந்துவிட்டு மமதுவின் அட்டையைப் பார்த்தாள். மாலி என்று வாசித்தாள். என் தாளைப் பார்த்தாள். ஸ்ரீலங்கா என்று வாசித்தாள். இரண்டு நாடும் எங்கே இருக்கிறது என்று தேடுகிற மாதிரி எங்கள் முகங்களைப் பார்த்தாள்.

"இவர் உங்களுக்கு என்ன முறை? உறவா? கூட வேலை செய்கிறவரா? சிநேகிதரா?"

சிநேகிதர் என்று மமது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அப்படிச் சும்மா சொல்கிற மனிதர் இல்லை. என்னை ஒருதரம் பார்த்தார்.

"வுவாசேன்," என்றார் கண்ணாடிக்குக் கிட்டக் குனிந்து, அவள் திரும்பக் கேட்கத் தேவையில்லாதபடி உரத்து. அயலவர்.

அவள் அதை எழுதினாள்.